வாரேன் என்றால் எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை ஒரு பிளம்பர் வராததால் பிறந்தது. அவர் வந்திருந்தால் என் வீட்டுக் குளியலறைக் குழாய் சரியாகியிருக்கும். நீங்களும் இந்நேரம் உருப்படியாக வேறு ஏதாவது செய்துகொண்டிருப்பீர்கள். காலையில் போன் செய்தேன். "வாரேன்ணே" என்றார். மத்தியானம் செய்தேன். "இந்தா வாரேன்ணே" என்றார். அந்த 'இந்தா'வை நம்பி வெளியே போகவும் முடியாமல், வீட்டுக்குள் சும்மா உட்காரவும் முடியாமல் எழுத உட்கார்ந்தேன். குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். கதை நடுவில் எங்காவது அறுந்தால் வாளி நிரம்பிவிட்டது, ஊற்றப் போயிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அவனியாபுரத்து வானம் அன்று செம்மண் நிறத்தில் விரிந்து, ஏதோ ஒரு சோகத்தை—

(வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்து வானம் அது. அதில் விமானம்தான் இருக்கும்.)

பிறகு இப்படி:

சோலை என்பவன் யார் என்று நீங்கள் கேட்டால்—

(நீங்கள் கேட்கவில்லை.)

மூன்றாவது தடவை சும்மா "சுவர் நனைந்திருந்தது" என்று எழுதினேன். இது பொய்யில்லாமல் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

2

சுவர் நனைந்திருந்தது. அவனியாபுரத்தில் சோலையின் வீட்டுச் சமையலறைச் சுவர். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், சுவருக்குள் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்போ வளைவில் இணைப்பு விட்டுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து கிளம்பிய ஓதம் அஞ்சறைப்பெட்டி வைக்கும் பலகையைத் தாண்டி, மிக்ஸி சுவிட்ச் வரைக்கும் ஏறிவிட்டது. சோலையின் மனைவி தாமரைச்செல்வி மிக்ஸி சுவிட்சை விரலால் தொடுவதை நிறுத்தி வெகுநாளாகிறது. மர அகப்பையின் காம்பால் தட்டித்தான் போடுவாள். சட்னி அரைக்கும்போது அவளைப் பார்த்தால் ஏதோ சாமியாடி ஒருத்தி கோலோடு நிற்கிற மாதிரி இருக்கும்.

சோலைக்கு வேலை கப்பலூரில். ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். குழாய் ஒழுகாமல் இருக்க உலகத்துக்கே வாஷர் அனுப்பிவிட்டு, சாயந்திரம் ஒழுகுகிற வீட்டுக்கு வந்து சேருவான். சுவருக்குள் விட்டுப்போனதற்கு வாஷர் உதவாது என்று அவன் எத்தனையோ பேருக்கு விளக்கிவிட்டான். யாரும் கேட்கிறதாக இல்லை.

(தாமரைச்செல்வியைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவள் அந்த அகப்பையைத் தூக்கி சோலையின் மேல் எறிந்தாள். கதையில் மனைவி என்று வந்துவிட்டால் எதையாவது எறிய வேண்டும் என்று எனக்குள் யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது அவளைக் கணக்கு டீச்சர் ஆக்கியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று நாலாம் பகுதியில் எனக்கே தெரிந்தது.)

பிளம்பரின் பெயர் முத்துப்பாண்டி. நல்ல கை. அந்தக் கையைப் பார்த்தவர்கள்தான் குறைவு. எப்போது கூப்பிட்டாலும் "வாரேன்ணே" என்பார். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. வருகிறவரும் வாரேன் என்பார், விடைபெறுகிறவரும் வாரேன் என்பார். கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வது ஆகாது. ஆகவே முத்துப்பாண்டி பொய் சொல்கிறவர் என்று யாரும் குறை சொல்ல முடியாது. அவர் போனில் விடைபெற்றிருக்கிறார், கேட்டவர்கள் வரவேற்கக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

3

இனி பக்கத்து வீடு. வெள்ளைத்துரை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சோலை அவரை 'அண்ணே' என்பான். அவர் சோலையை 'மாப்ள' என்பார்.* தினமும் காலையில் இருவரும் நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் டம்ளரோடு நின்று, செடிகொடியும் வீட்டு ரிப்பேரும் பேசுவார்கள்.

* அண்ணன் ஒருவருக்கு நீங்கள் மாப்பிள்ளை ஆவது எந்த உறவுமுறையில் வரும் என்று கேட்காதீர்கள். மதுரையில் வரும்.

"மாப்ள, மாடிப் படிக்கு அடில வெடிப்பு விட்ருக்கு. எம்சீல் போதுமா?"

"வெடிப்பு எம்புட்டுண்ணே?"

"வெரலு போகுது."

"எம்சீல் பத்தாது. சிமெண்டு வைங்க. கறிவேப்பில எப்படி இருக்கு?"

"செத்துருச்சு மாப்ள."

வெள்ளைத்துரைக்குக் கைராசி கிடையாது. இது தெருவுக்கே தெரிந்த செய்தி. அவர் வைத்த ரோஜா போனது, செம்பருத்தி போனது, பாட்டில் தண்ணீரில் தானாகப் பிழைத்துக்கிடக்க வேண்டிய மணி பிளான்ட்டும் போனது. ஆட்டோவுக்குள் தொங்கவிட்ட பிளாஸ்டிக் கொடியே வெளுத்துவிட்டது என்பார்கள். அவருக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம், காட்டு வெள்ளாமைக் குடும்பம். விதைக்கிற நாளில் அண்ணன் தம்பி எல்லாரும் காட்டுக்கு இறங்கும்போது, "நீ போயி எல்லாத்துக்கும் டீ வாங்கிட்டு வா" என்று இவரை மட்டும் அனுப்பிவிடுவார்களாம். தூக்குவாளியோடு திரும்பி வருவதற்குள் விதைப்பு முடிந்திருக்கும்.

"வேணும்னே டீக்கடைய ஊருக்கு அங்கிட்டு வச்சிருக்காய்ங்க மாப்ள" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறார். சோலைக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் இந்த வருஷம் நடுச்சுவரை ஒட்டி நாலு புடலை விதை ஊன்றினார். முளைத்தது. கொடி ஓடியது. பந்தல் போட வேண்டியதாயிற்று. பூத்தது, காய்த்தது. காய் சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்க நுனியில் கல் கட்டுவார்கள் அல்லவா, கல்லுக்குப் பதிலாகச் சோலை தன் கம்பெனியில் கழித்துப்போட்ட வாஷர்களைக் கோத்துக் கொடுத்தான். பந்தலுக்குக் கீழே போனால் வாஷர் தலையில் இடிக்கும்.

"என்ன உரம்ணே போட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல மாப்ள. தண்ணிகூட அம்புட்டா ஊத்துறதில்ல. கை பட்டாலே வருது." சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். யாரோ இரவல் கொடுத்த கை போல அதை அவ்வளவு ஜாக்கிரதையாக வைத்திருந்தார்.

சோலைக்கு விஷயம் புரிய ஒரு காலைப் பொழுது ஆனது. தன் சமையலறைச் சுவரின் ஈரம் எங்கே போகிறது என்று வெளிப்பக்கமாகக் குனிந்து பார்த்தான். தரையோடு ஓடி, நடுச்சுவருக்கு அடியில் நுழைந்து, நேராகப் புடலையின் வேருக்குப் போயிருந்தது. நிமிர்ந்தான். அந்தப் பக்கம் வெள்ளைத்துரை ஒரு காயைத் தடவிக்கொண்டு அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சோலை சொல்ல வந்ததை விழுங்கி—

(வாளி.)

வந்துவிட்டேன். விழுங்கிவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் தெருவில் கைராசி பரவிவிட்டது. எதிர்வீட்டு முனீஸ்வரி ரோஜாக் குச்சியை அவரிடம் கொடுத்து ஊன்றச் சொன்னாள். ராமக்காள் ஓடாத தன் கிரைண்டரை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஓடியது. (பிளக்கை இறுக்கிச் செருகியதும் வெள்ளைத்துரைதான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.) அருள்பாண்டி புது வீட்டுக்குக் கதவு மாட்டும்போது முதல் ஸ்குரூவை வெள்ளைத்துரைதான் முடுக்க வேண்டும் என்று ஆசாரியை நிறுத்தி வைத்தான். ஷேர் ஆட்டோவில் கைராசிக்காரருக்குப் பக்கத்து சீட்டுக்கே சண்டை நடந்தது.

செய்தி பேரையூருக்கும் போயிற்று. அங்கிருந்து மூத்த அண்ணன் அழகுமலை போன் செய்தார். வெள்ளைத்துரை அன்று டம்ளரே இல்லாமல் சுவருக்கு வந்தார்.

"மாப்ள, அண்ணே ஞாயித்துக்கெழம வாராராம். பந்தலப் பாக்கணுமாம். பாத்துட்டு, வார புரட்டாசிக்கு மொத வெத ஏங்கையால போடச் சொல்லுவாராம்." கொஞ்சம் நின்றார். "டீ வாங்க வேற ஆளப் போட்டுக்கிருவாகளாம்."

சோலை தன் டம்ளரைச் சுவருக்கு மேலாக அவரிடம் நீட்டினான். 

4

அன்று சாயந்திரம் தாமரைச்செல்வி சொன்னாள்: "ஏங்க, இன்னிக்கு அகப்பையில போட்டும் சுர்ருனு அடிச்சுச்சு. முத்துப்பாண்டிய இழுத்துட்டு வாங்க, இல்ல நான் சுத்தியல எடுத்து சுவத்த ஒடைக்கிறேன்."

சோலை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். ஈரம் போகிற வழி, டீ வாங்கப் போன கதை, ஞாயிற்றுக்கிழமை. குழாயை அடைத்தால் இந்த வெயிலுக்குக் கொடி அவர் அண்ணன் வருவதற்குள் தொங்கிவிடும் என்றும் சொன்னான்.

தாமரைச்செல்வி காயவிட்டிருந்த மிளகாயைத் திருப்பிப் போட்டபடியே, "அம்புட்டுத்தானே? குழாய அடைப்போம். சுவத்துக்கு அடியில ஒரு ஓஸு பைப்ப விட்டு, அவரு ஆட்டோவுக்குப் போனதும் தண்ணியத் தொறந்து விட்ருவோம். முடிஞ்சுச்சு" என்றாள்.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு பாடுபட்டு ஒரு சிக்கலைக் கட்டி வைத்தால், ஒரு பாத்திரம் வந்து மிளகாய் காயவைக்கிற கையோடு அதை அவிழ்த்துவிடுகிறது. அவள் வரியை அடித்துப் பார்த்தேன். அடித்த பிறகும் அவள் பேசாமல் என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. ஓஸ் கடையெல்லாம் அன்று லீவு என்று எழுதிப் பார்த்தேன். அவனியாபுரத்தை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் சோலையிடமே விட்டுவிட்டேன். அவன்தான் என்னைக் காப்பாற்றினான்.

"அது தப்பு தாமரை" என்றான்.

"என்ன தப்பு?"

"தானா ஒழுகுனா அது அவரு ராசி. நாம தொறந்து விட்டா அது நம்ம தண்ணி."

தாமரைச்செல்வி மிளகாயை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். ஒழுகுகிற குழாயில் இப்படி ஒரு நியாயம் இருக்கும் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவன் சொன்னபோதுதான் இந்தக் கதையை மேலே எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது.

"சரி. ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒழுகட்டும். திங்கக்கெழம முத்துப்பாண்டி வரல, நீங்க வேற வீடு பாத்துக்கங்க" என்று அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அகப்பைக் காம்பு சுவிட்சில் படும் சத்தம் கேட்டது.

5

சோலை அடுத்து செய்ததுதான் முட்டாள்தனம். இதற்கு நான் பொறுப்பில்லை, அவனாகச் செய்தான். முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று முத்துப்பாண்டிக்குப் போன் போட்டான்.

"முத்துப்பாண்டி, ஞாயித்துக்கெழம நீ வராதய்யா."



"நான் எப்பண்ணே வந்தேன், என்னய வராதங்கிறீங்க?"

"அதுக்கில்லய்யா. வந்துருவியோன்னு..."

"தொழிலுக்கு வந்து இம்புட்டு வருசத்துல என்னய வராதன்னு ஒருத்தர் சொன்னதில்லண்ணே." குரல் கமறியது. "வேற ஆளப் பாத்துட்டீங்களா?"

"இல்லய்யா."

"வாரேன்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார். அதில் எந்த வாரேன் என்று சோலைக்குப் பிடிபடவில்லை. வராதே என்று சொல்லப்பட்ட பிளம்பர் என்ன செய்வார் என்பது தொழிலில் யாரும் பரிசோதித்துப் பார்க்காத விஷயம்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை அழகுமலை வந்தார். (அவரை மீசையும் முரட்டுக் குரலுமாக எழுதி வைத்திருந்தேன். வந்தவர் மெலிந்த மனுஷர், பேருந்தில் தூங்கிய முகம், கையில் தம்பிக்கு ஒரு பை நிலக்கடலை. மாற்றிக்கொண்டேன்.) பந்தலுக்குள் நுழைந்ததும் வாஷர் நெற்றியில் இடித்தது. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் சோலை டம்ளரோடு நின்றான். அவனுக்குப் பின்னால் சமையலறை ஜன்னலில் அகப்பையோடு தாமரைச்செல்வி.

அழகுமலை ஒவ்வொரு காயாகப் பார்த்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, வேரடி மண்ணில் விரலைவிட்டு எடுத்தார். ஆயுசெல்லாம் மழைக்கு மானம் பார்த்து வெள்ளாமை செய்தவர். மண் எதனால் ஈரமாக இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"தண்ணி எப்பப்பா பாய்ச்சுன?"

"முந்தாநேத்து ஒரு சொம்பு ஊத்துனேண்ணே. அம்புட்டா ஊத்துறதில்ல. கை பட்டாலே போதும்" என்றார் வெள்ளைத்துரை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க நிற்கிறவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அழகுமலை விரலிலிருந்த சேற்றைப் பார்த்தார். நடுச்சுவரின் அடியைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சோலையைப் பார்த்தார். சோலை டம்ளருக்குள் பார்த்துக்கொண்டான். டம்ளரில் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து—

(வாளி இல்லை. இது வேறு. நம்ப மாட்டீர்கள்.)

அந்த நேரம் பார்த்து சோலை வீட்டு வாசல் கேட் திறந்தது. தோளில் பையும் கையில் பெரிய ரெஞ்சுமாக முத்துப்பாண்டி. மீசைக்கு எண்ணெய் தடவி, சலவைச் சட்டை போட்டிருந்தார். வரலாற்றில் முதன்முறையாக வந்திருந்தார். தெரு கேட்கிற குரலில், "எங்கண்ணே ஒழுகுது?" என்றார்.

பந்தலுக்குள் வெள்ளைத்துரை திரும்பினார். "என்ன மாப்ள, எங்க ஒழுகுது?"

 ஒரு சொல் போதும், வெள்ளைத்துரை மறுபடியும் தூக்குவாளியோடு டீக்கடைக்குப் போய்விடுவார். அண்ணன் சேற்று விரலோடு அப்படியே குந்தியிருந்தார்.

பதில் ஜன்னலிலிருந்து வந்தது.

"இங்க எதுவும் ஒழுகலயே" என்றாள் தாமரைச்செல்வி. அவள் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் சுவரிலிருந்து பெரிய காரைப் பத்தை ஒன்று பெயர்ந்து மாவுச் சட்டியில் விழுந்தது. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "பூன" என்றாள்.

அகப்பையால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு தட்டினாள். கோபத்திலா வேறெதிலா என்று அவளிடமே கேட்கலாம் என்றிருந்தேன், கேட்கும் தைரியம் வரவில்லை. முத்துப்பாண்டியின் முதல் வருகை இது. இதைத் திருப்பி அனுப்பினால் இன்னொன்று வாய்க்காது என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அழகுமலை எழுந்தார். சேற்று விரலை வேட்டியில் துடைத்தார். தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

"நல்ல கையிதாம்ப்பா" என்றார். "நாங்கதான் பாக்காம விட்டுட்டோம். புரட்டாசிக்கு வந்துரு."

வெள்ளைத்துரை சிரிக்கப் பார்த்தார். டீக்கடைக் கதைக்கெல்லாம் சிரித்தவருக்கு இதற்குச் சிரிப்பு வரவில்லை. தொங்குகிற காய்களுக்கு நடுவில் முகத்தை மறைத்துக்கொண்டார். வாஷர் ஆடியது.

கேட்டில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக முத்துப்பாண்டி நின்றுகொண்டிருந்தார். ஜன்னலைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், சுவரடியைப் பார்த்தார். ரெஞ்சை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"வாரேன்ணே" என்றார்.

7

இதற்கு மேல் நான் மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில் முத்துப்பாண்டி உள்ளே வருகிறார். சுவரை உடைத்து எல்போவை மாற்றுகிறார். தாமரைச்செல்வி விரலால் சுவிட்சைப் போட்டு, அன்று முழுக்க யாருக்கும் வேண்டாத சட்னியாக அரைத்துத் தள்ளுகிறாள். புடலை வாடுகிறது. வெள்ளைத்துரை வந்து, "மாப்ள, அண்ணே சொல்லிட்டாரு, இனிமே வாடுனா என்ன" என்று—

(அவர் அப்படிச் சொல்வாரா என்று எனக்குத் தெரியவில்லை.)

இன்னொன்றில் முத்துப்பாண்டி கிளம்பிப் போகிறார். கொடி காய்த்துக்கொண்டே இருக்கிறது. சுவர் ஒரு நாள் படுத்துவிடுகிறது. நடுச்சுவரும் கூடவே. அதற்குப் பிறகு அண்ணனும் மாப்ளயும் ஒரே பக்கம் நின்று—

(இது எனக்குப் பிடித்திருந்தது. தாமரைச்செல்விக்குப் பிடிக்காது.)

மூன்றாவதில் புரட்டாசி மழையில் பேரையூர்க் காட்டில் வெள்ளைத்துரை விதை போடுகிறார், டீ வாங்க அழகுமலை போகிறார். விதை முளைத்ததா என்கிற இடத்தில் வாளி நிரம்பிவிட்டது. ஊற்றிவிட்டு வந்தால் எழுத வரவில்லை. அங்கே ஒழுகுவதற்குக் குழாய் கிடையாது, இனி அது வானத்தின் பாடு.

இதற்கு நடுவில் என் பிளம்பர் போன் செய்தார். நானாகக் கூப்பிடாமல் அவராக. "வாரேன்ணே" என்றார். எந்த வாரேன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். வாசலுக்கும் வாளிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன், ஆகவே இந்த முடிவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் என்றால் முத்துப்பாண்டி சொன்னதை உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

தெரிந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். ஜன்னலில் அகப்பையோடு நிற்கிறாளே, அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.